வேலூருக்கு ஒரு விண்ணப்பம்

சென்ற மாதம் வல்லத்திராக்கோட்டைக்குப் போயிருந்தேன். புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் உள்ள ஊர் அது. என் தங்கையை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறது. போய் இறங்கி, ஒரு செம்பு தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் தங்கை மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிளஸ் டூ படிக்கிற பெண்.

"பெரியம்மா, நான் வேலூர் சி.எம்.சி.க்கு அப்ளிகேஷன் போடப் போறேன். நீங்கதான் அப்பாகிட்ட சொல்லணும்" என்றாள்.

"போடேன். அதுக்கு அப்பாகிட்ட என்ன சொல்லணும்?"

அதற்குள் அடுப்படியிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "அக்கா, அது சும்மா அப்ளிகேஷன் இல்லையாம். சபையிலேருந்து சிபாரிசு வாங்கணுமாம். படிச்சு முடிச்சதும் அவங்க சொல்ற ஊர்ல ரெண்டு வருஷம் வேலை பார்க்கணுமாம். அதுக்கு இப்பவே ஒப்புத்துக்கணுமாம். இவ அப்பா அதைக் கேட்டதும் முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டாரு."

விஷயம் புரிந்தது. மார்க்கைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ அந்த வீட்டில் சண்டை இல்லை. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றித்தான்.

இந்தக் கேள்வி வல்லத்திராக்கோட்டையில் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படுகிற எத்தனையோ பெண்களின் வீடுகளில் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கும். அதனால்தான் எனக்குத் தெரிந்ததை வாசக சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

அந்தக் கல்லூரி ஏன் இப்படி ஒரு வாக்குறுதி கேட்கிறது என்பது புரிய வேண்டுமானால், அது எப்படிப் பிறந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே இரவில் மூன்று பேர்

ஐடா ஸ்கடர் என்ற பெண் 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்கக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்கு வந்து வைத்தியம் செய்தவர். அப்பாவும் டாக்டர். ஆனால் ஐடாவுக்கு மட்டும் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க இஷ்டமில்லை. அமெரிக்காவில் படித்து, அங்கேயே சௌகரியமாக இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்த இடத்தில்தான் அந்த இரவு வந்தது.

கதவைத் தட்டி ஒரு பிராமணர் வந்தார். மனைவி பிரசவ வேதனையில் இருக்கிறாள், வந்து பாருங்கள் என்றார். "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் வந்து பார்ப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார். பிறகு ஒரு முஸ்லிம் அன்பர் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில். அதன் பின் மூன்றாவதாக இன்னொருவர். அவரும் அப்படியே திரும்பினார்.

காலையில் விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

அந்தக் காலையில்தான் ஐடா தீர்மானித்தார், நான் டாக்டராகித் திரும்பி வருவேன் என்று. அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில், அப்பாவின் வீட்டில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். 1902-ல் பெண்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி எழுந்தது. 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி. அதே ஆண்டில் ஒரு மோட்டார் கார் வந்து சேர, சாலையோரங்களில் வண்டியை நிறுத்தி கிராமத்து ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

தான் ஒருத்தியே எத்தனை பேரைப் பார்க்க முடியும்? நம் நாட்டுப் பெண்களையே டாக்டராக்கினால்தான் இதற்கு விடிவு என்று 1918-ல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளியை ஆரம்பித்தார். ஆறு பேராவது விண்ணப்பித்தால் பார்க்கலாம் என்று அதிகாரிகள் சொன்னார்களாம். வந்தவை 151 விண்ணப்பங்கள்! 1918-ல், பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதே அபூர்வமாக இருந்த காலத்தில், 151 பெண்கள்.

"ஆண்கள் பள்ளிகளிலேயே ஐந்துக்கு ஒருவர்தான் தேறுகிறார்கள், ரொம்ப எதிர்பார்க்காதீர்கள்" என்று எச்சரிக்கவும் செய்தார்கள். பரீட்சை எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். 1922-ல் முதல் அணியாக 14 பெண்கள் டாக்டர்களாக வெளியே வந்தார்கள். 1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது, 1947-லிருந்துதான் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐடா அம்மையார் 1960-ல், தமது 89-வது வயதில் கொடைக்கானலில் காலமானார்.

ஆக, டாக்டர் இல்லாத இடத்தில் காத்திருக்கிற பெண்ணுக்காகவே தொடங்கிய கல்லூரி அது. "படித்துவிட்டு எங்கே போவாய்?" என்று அது கேட்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நம்ம புதுக்கோட்டைப் பெண்

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், "அதெல்லாம் வெள்ளைக்காரங்க கதை பெரியம்மா. நம்ம பக்கத்திலேருந்து யாரு போயிருக்கா?" என்றாள் பெண்.

நன்றாகக் கேட்டாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் எது? புதுக்கோட்டைதான். 1886-ஆம் ஆண்டு, அப்போது அது சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர், அம்மா சந்திரம்மாள். பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர முத்துலட்சுமி விண்ணப்பித்தபோது ஊரே எதிர்த்தது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டரானார். அந்தக் கல்லூரியில் 1875-லேயே மேரி ஷார்லீப் முதலான நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள் என்றாலும், நம் பக்கத்துப் பெண் ஒருத்தி அங்கே போவது சாதாரண விஷயம் இல்லை. பிறகு சட்டசபைக்குள் போய், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதும் நாடறிந்த செய்தி. கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற மகப்பேறு உதவித் தொகைத் திட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறது.

இதில் நான் தங்கை வீட்டுக்காரர் காதில் விழும்படி கொஞ்சம் உரக்கச் சொன்ன செய்தி ஒன்று உண்டு. முத்துலட்சுமி அம்மையார் திருமணம் செய்துகொண்டது 1914-ல். அப்போது அவருக்கு 27 வயது. அந்தக் காலத்தில் 27 வயது! தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் காரியங்களில் குறுக்கிடக் கூடாது என்று சொல்லி, அதை ஏற்றுக்கொண்ட பின்பே டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

திண்ணையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்தைத் திருப்பினார். பதில் சொல்லவில்லை.

அன்றைய தேர்வு, இன்றைய வழி

பல ஆண்டுகளாக வேலூரில் ஒரு வழக்கம் இருந்தது. எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களை பாகாயத்தில் இருக்கும் கல்லூரிக்கே வரவழைத்து, சில நாட்கள் தங்கவைத்து, பேசி, பழகி, குழுவாக வேலை கொடுத்துப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். வெறும் மார்க்கைப் பார்க்காமல் மனுஷியைப் பார்க்கிற தேர்வு அது.

இப்போது அப்படி இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே பரீட்சையாக நீட் வந்துவிட்டது. 2017-ல் தன் பழைய முறையை விடமாட்டேன் என்று நின்ற வேலூர் கல்லூரி, எம்.பி.பி.எஸ்.ஸின் 100 இடங்களில் ஒரே ஒருவரைத்தான் சேர்த்துக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஏப்ரலில், சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. ஆகவே இன்று வேலூர் ஆனாலும், 1963-ல் கத்தோலிக்க ஆயர்கள் தொடங்கிய பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆனாலும், 1894-ல் எடித் பிரவுன் அம்மையார் பெண்களுக்காகத் தொடங்கிய லூதியானா கல்லூரி ஆனாலும், முதல் படி நீட்தான்.

தாய்மார்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை இவை:

பெண் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். சேருகிற ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

2025-ல் நடந்த நீட் தேர்வில் 180 கேள்விகள், மூன்று மணி நேரம், மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு. தப்பான விடைக்கு ஒன்று கழியும். தெரியாததைக் குருட்டாம்போக்கில் எழுதினால் உள்ளதும் போய்விடும்.

கேள்வித்தாளைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிட வேண்டும். தமிழ் மீடியம் என்று கூச்சப்படத் தேவையில்லை. யாழ்ப்பாணம் மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் மருத்துவத்தையே தமிழில் கற்றுக் கொடுத்து, மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தவர். ஆனால் இன்று கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில்தான். விடுமுறையில் தினம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் உயிரியல் வாசிக்கப் பழக்கினால் பின்னால் திண்டாட வேண்டியிருக்காது.

எல்லாரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. நீட் எழுதினால் போதும், கல்லூரி தானாகக் கூப்பிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. நீட் விண்ணப்பம் வேறு, கல்லூரியின் சொந்த விண்ணப்பம் வேறு, மாநிலத் தேர்வுக் குழுவின் கலந்தாய்வு விண்ணப்பம் வேறு. ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி தனி. அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை ஆதியோடந்தமாகப் படித்து, தேதிகளைக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்துவையுங்கள். போன வருஷத்துப் பெண் சொன்னாள் என்று இந்த வருஷம் நம்பாதீர்கள், விதிகள் மாறுகின்றன.

சபைச் சிபாரிசில் விண்ணப்பிக்கிறவர்கள், தங்கள் சபை அந்தக் கல்லூரியோடு இணைந்த சபைதானா என்று ஆயரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர் என்றாலே எல்லாச் சபைக்கும் ஒரே விதி என்பதில்லை. ஞானஸ்நானச் சான்று, சபை உறுப்பினர் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றிலும் பெயரும் தகப்பனார் பெயரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கடைசி நேரத்தில் அலைய வேண்டிவரும். கிறிஸ்தவர் அல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். எல்லா மதத்தினரும் போட்டியிடக்கூடிய இடங்களும் வேலூரில் உண்டு.

பணம் கொடுத்தால் வேலூரில் சீட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நன்கொடை வாங்கி இடம் கொடுக்கிற வழக்கம் அந்தக் கல்லூரிக்கு இல்லை. சபைச் சான்றிதழையும் விலைக்கு வாங்கப் பார்க்காதீர்கள். பொய்யில் தொடங்குகிற வைத்தியம் யாரைக் காப்பாற்றும்?

ஒரே கல்லூரியை நம்பி உட்காரவும் கூடாது. 2017-ல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, மருத்துவப் படிப்பின் அரசு ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 சதவிகிதம் தனியாக ஒதுக்கி 2020-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கிராமத்துப் பெண்களுக்கு இது பெரிய கதவு. அதையும் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

பரீட்சை வருஷத்தில் அம்மாவின் பங்கு

நீட்டுக்குப் படிக்கிற பெண்ணுக்கு நாம் கணக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. ஆனால் அவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். இட்லியோ, கேழ்வரகுக் கூழோ, பழைய சோறும் தயிருமோ, ஏதோ ஒன்று வயிற்றில் இருக்க வேண்டும். நம் பெண்களுக்கு ரத்தசோகை சகஜம். களைப்பும் மறதியும் சோம்பேறித்தனம் என்று திட்டு வாங்குகின்றன. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பயறு வகை, முட்டை, முடிந்தால் ஈரல் சேருங்கள். கீரையோடு எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும். ஒரு மணி நேரம் போகட்டும். மாத விலக்கு அதிகமாகப் போகிற பெண்ணாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ராத்திரி கண் விழித்துப் படித்தால்தான் படிப்பு என்பது தப்பு. ஏழு மணி நேரத் தூக்கம் இல்லாவிட்டால் பகலில் படித்தது தங்காது.

பரீட்சை அன்று எளிய அரைக்கைச் சட்டை, செருப்பு. தோடு, ஜிமிக்கி, வளையல், தலை கிளிப் எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடட்டும். வாசலில் போய் நின்றுகொண்டு அவசரமாகக் கழற்றும்போது பிள்ளை பாதி தைரியத்தைத் தொலைத்துவிடுகிறாள்.

இன்னொன்றைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில் அரியலூர் மாவட்டத்தில், பிளஸ் டூவில் அத்தனை மார்க் வாங்கிய ஒரு பெண்ணை நாம் இழந்தோம். இந்தப் பரீட்சைக்கு அப்பாலும் வாழ்க்கை இருக்கிறது என்று பரீட்சைக்கு முன்பே பெண்ணிடம் சொல்லிவையுங்கள். முடிவு வந்த பிறகு சொன்னால் அது ஆறுதல் போலத்தான் கேட்கும். முன்னாலேயே சொன்னால் நம்புவாள். நர்ஸிங், பிசியோதெரபி, பரிசோதனைக்கூடப் படிப்பு எல்லாம் அதே வேலூரில் உண்டு. 1946-ல் நம் நாட்டில் பி.எஸ்ஸி. நர்ஸிங் பட்டப் படிப்பை முதலில் தொடங்கிய இடங்களில் வேலூரும் ஒன்று. பெண் சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் இருந்தால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.

அந்த இரண்டு வருஷம்

இப்போது சண்டைக்கு வருவோம். சாயந்திரம் காப்பி குடிக்கும்போது தங்கை வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"மதினி, நீங்க சொல்றதெல்லாம் சரிதான். படிப்பு அஞ்சரை வருஷம். அதுக்கு மேல ரெண்டு வருஷம் எங்கயோ காட்டு ஊர்ல. இருபத்தஞ்சு தாண்டிப் போயிருது. அப்புறம் யாரு கட்டுவா? தனியா ஒரு பொம்பளைப் புள்ளை ராத்திரி பகல்னு பார்க்காம வேலை பார்க்கணும். நமக்கு என்ன தலையெழுத்து?"

அவர் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. நியாயமான கவலை. நாலரை வருஷப் படிப்பும் ஒரு வருஷப் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை. அதன்மேல் அனுப்பிய சபைக்காக, தேவை உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம். தனியார் கல்லூரிகள் கேட்கிற தொகையோடு ஒப்பிட்டால் வேலூரில் கட்டணம் மிகவும் குறைவு. குறைந்த செலவில் டாக்டராக்கிவிட்டு, பதிலுக்கு உன் இரண்டு வருஷத்தைக் கொடு என்கிறார்கள்.

நான் பேச வாயெடுப்பதற்குள், தாழ்வாரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா, எண்பதைத் தொட்ட அப்பத்தா, பேச ஆரம்பித்தார்.

"எங்க அக்கா கதை உனக்குத் தெரியுமா ஆத்தா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "நான் அப்ப சின்னப் புள்ளை. தலைப் பிரசவம் அவளுக்கு. ரெண்டு நாளா வலி. மருத்துவச்சி கையை விரிச்சுட்டா. டவுனு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம்னு எல்லாரும் சொன்னாக. அங்க ஆம்பளை டாக்டரு, ஏம் மகளைக் காட்டமாட்டேன்னு எங்கப்பன் சொல்லிட்டாரு. விடியக்காலம் மனசு மாறி வண்டி பூட்டுனாரு. பாதி வழிகூடப் போகல. மாட்டைத் திருப்பிட்டாக."

யாரும் பேசவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கே, என் தங்கை வீட்டுக்காரருக்கே, அந்தக் கதை முழுசாகத் தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"ஒரு பொம்பளை டாக்டரு இருந்திருந்தா எங்கப்பன் முதல் நாளே கொண்டு போயிருப்பாரு" என்றார் அப்பத்தா. "ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம். போயிட்டு வரட்டும்டா. எவ வீட்டுலயோ ஒரு அக்கா பொழைப்பா."

திண்டிவனத்தில் 130 வருஷங்களுக்கு முன்னால் நடந்ததும், வல்லத்திராக்கோட்டையில் ஒரு வீட்டில் நடந்ததும் ஒரே கதைதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்று 108-க்குப் போன் செய்தால் வண்டி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கிறார்கள். காலம் மாறியிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் வெட்கத்தினால் மார்புக் கட்டியை மறைத்து வைத்திருக்கிற பெண்கள், வெள்ளைப்படுதலை வருஷக்கணக்கில் சொல்லாத பெண்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்களா இல்லையா? அவர்கள் வாயைத் திறப்பது ஒரு டாக்டரம்மாவிடம்தான். அவள் நம் ஊர்ப் பேச்சுப் பேசுகிறவளாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆனாலும் பெண்ணிடம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அப்பத்தா சொன்னதுக்காகவோ, டாக்டர்னா கௌரவம்ங்கிறதுக்காகவோ ஒப்புத்துக்கிறியா? படிச்சு முடிச்சதும் பணத்தைக் கட்டித் தப்பிச்சுக்கலாம்னு இப்பவே ஒரு நினைப்பு இருக்கா? இருந்தா சபைச் சிபாரிசு கேக்காதே. உன் மார்க்கை வச்சு வேற கல்லூரிக்குப் போ, அதுல தப்பே இல்லை. வாக்குக் கொடுத்து வாங்குற இடம் இன்னொரு புள்ளைக்குப் போயிருக்க வேண்டிய இடம்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பயமா இருக்கு பெரியம்மா. தெரியாத ஊர், தெரியாத பாஷையா இருந்தா என்ன செய்யறதுன்னு பயம். ஆனா போகமாட்டேன்னு தோணல" என்றாள்.

பயம் இல்லை என்று சொல்லியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண் இருந்தால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு சாயந்திரம் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். எத்தனை வருஷம், எங்கே, கல்யாணம் எப்போது, அவள் இஷ்டம் என்ன, எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெரியாத கதை அவர்களிடம் இருக்கும்.

நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் ஆராதனைக்குப் புதுக்கோட்டைக்குப் போகிறவர்கள் என்பதால் எல்லாரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். பஸ் டவுனை நெருங்கும்போது தங்கை வீட்டுக்காரர் முன் சீட்டிலிருந்து திரும்பி மகளைப் பார்த்துக் கேட்டார்:

"ஐயர்கிட்ட சிபாரிசுக்கு என்னென்ன பேப்பர் கேக்கணும்னு எழுதி வச்சிருக்கியா, இல்ல போயி முழிப்பியா?"

நோட்டுப் புத்தகம் அவள் மடியில் தயாராக இருந்தது.